பெயர் கேட்கும் நர்ஸ்

ஆஸ்பத்திரியில் உறவினர் யாருக்காவது துணையாகத் தங்கிய அனுபவம் உங்களில் அநேகருக்கு இருக்கும். காலையில் நர்ஸ் ஒருத்தி வருகிறாள். கையில் ஒரு சிறு தட்டு. அதில் இரண்டு மாத்திரைகள். "அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கிறாள். உங்கள் மாமியார் பெயரைச் சொல்கிறார். மாத்திரை கைக்கு வருகிறது. மத்தியானமும் அதே நர்ஸ், அதே கேள்வி. மறுநாளும் அப்படியே. "மூன்று நாளாகப் பார்க்கிறாளே, இன்னுமா என் பெயர் தெரியவில்லை? இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஞாபகசக்தியே கிடையாது!" என்று மாமியார் அலுத்துக்கொள்கிறார். நீங்களும், எதற்கு வம்பு என்று, ஆமாம் போடுகிறீர்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பெயர் நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தாலும் கேட்கத்தான் வேண்டும் என்பது அவள் படித்த பாடம். இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். "நீங்கள்தானே லக்ஷ்மி அம்மாள்?" என்று அவள் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் காது மந்தமான பாட்டி தலையை ஆட்டிவிடுவார். ஜுர மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் 'உம்' என்பார். அடுத்த கட்டிலில் இன்னொரு லக்ஷ்மி அம்மாள் படுத்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி, இவருக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போக வேண்டிய இன்ஸுலின் ஊசி கட்டில் மாறி இங்கே வந்தால் என்ன ஆகும்? இரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கும், வியர்த்துக் கொட்டும், நினைவு தப்பும், கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும். ஆகையால்தான் நோயாளி தம் வாயாலேயே பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு கையில் கட்டியிருக்கும் பட்டையிலுள்ள பெயரையும் நம்பரையும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் — நர்ஸுப் படிப்பில் சேரும் பெண்கள் முதல் வருஷத்திலேயே மனப்பாடம் செய்கிற ஐந்து இவை. 'வழி' என்றால் என்ன என்று கேட்பீர்கள். சில மருந்து வாய் வழி. சிலது தசையில் ஊசி. சிலது இரத்தக் குழாயில். பொட்டாசியம் குளோரைடு என்று ஒரு மருந்து உண்டு. உடலுக்கு அவசியமான உப்புத்தான். நிறையத் திரவத்தில் கலந்து மெதுவாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் நோயாளி தேறுகிறார். அதையே கலக்காமல் நேராக இரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதே மருந்து, அதே சீசா! இதனால்தான் மருந்தை எடுக்கும்போது ஒரு தரம், அளக்கும்போது ஒரு தரம், கொடுக்குமுன் ஒரு தரம் என்று மூன்று முறை லேபிளைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாத்திரையை மேஜைமேல் வைத்துவிட்டு, "அப்புறம் சாப்பிடுங்கள்" என்று நல்ல நர்ஸ் போகமாட்டாள். விழுங்கும்வரை நிற்பாள். அவள் நிற்பதைப் பார்த்து, 'நம்மிடம் நம்பிக்கை இல்லையோ?' என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தக் கண்டிப்பெல்லாம் எங்கிருந்து வந்தது? நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் பிறந்த பணக்கார ஆங்கிலப் பெண். கிரிமியா யுத்தத்தின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களுடன் துருக்கியிலுள்ள ஸ்குடாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். விளக்கேந்திய மாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சித்திரக்காரர்கள் அவர் கையில் அலாவுதீன் விளக்கைப் போல ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். நிஜத்தில் அவர் ஏந்தியது மடித்து விரிக்கக்கூடிய துருக்கி லாந்தர்!

விளக்கைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. அங்கே இறந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் குண்டுக் காயத்தால் சாகவில்லை. காலரா, சீதபேதி, விஷ ஜுரம் இவற்றால் செத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக்கொண்டு கிடந்தது. 1855 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழு சாக்கடையைக் கழுவிச் சுத்தம் செய்த பிறகுதான் சாவு மளமளவென்று குறைந்தது. அந்தப் பாடத்தை அம்மையார் ஆயுள் உள்ளவரை மறக்கவில்லை. கணக்கில் புலியானதால், எதனால் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை வண்ணச் சித்திரங்களாக வரைந்து மந்திரிகளின் கண்ணைத் திறந்தார்.

1860-ல் லண்டன் ஸெயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவருடைய நர்ஸுப் பள்ளி தொடங்கியது. ஏறக்குறைய அதே சமயத்தில் 'நோட்ஸ் ஆன் நர்ஸிங்' என்ற சிறு புத்தகமும் வெளியாயிற்று. நர்ஸுகளுக்குப் பாடப் புத்தகமாக அவர் அதை எழுதவில்லை என்பதுதான் வேடிக்கை. வீட்டில் குழந்தையையோ வயோதிகரையோ கவனித்துக்கொள்ளும் சாதாரணப் பெண்களுக்காக எழுதினார். நோயாளியின் அறைக்குள் நல்ல காற்று வர வேண்டும், ஆனால் அவரைக் குளிரச் செய்யக் கூடாது என்கிறார். சத்தத்தைப் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. பலத்த சத்தத்தைவிட, கதவுக்கு வெளியே குசுகுசுவென்று பேசுவதுதான் நோயாளியை அதிகம் வாட்டும். 'என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்' என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார் என்கிறார். நம் வீட்டு வராந்தாக்களைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இல்லையா? வெறும் ஆறுதல் பேச்சையும் யோசனைகளையும் கொட்டும் விருந்தாளிகளையும் ஒரு பிடி பிடித்திருக்கிறார். "உங்களுக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். எங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது..." என்று தொடங்குகிறவர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு போலிருக்கிறது.

அவர் மிகவும் வற்புறுத்தியது கவனிப்பு. நர்ஸ் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறாள். எண்ணி முடித்தும் கையை விடுவதில்லை. ஏன் தெரியுமா? இப்போது அவள் எண்ணுவது மூச்சை! "உங்கள் மூச்சை எண்ணப்போகிறேன்" என்று சொன்னால் யாருக்கும் மூச்சு இயல்பாக வராது. தானாகவே வேகம் மாறும். ஆகவே நாடி பார்ப்பதுபோல் பாவனை. நிம்மதியாகப் படுத்திருக்கும் பெரியவருக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு இருக்கலாம். உடல்நிலை மோசமாகும்போது பல சமயம் முதலில் மாறுவது இந்த எண்ணிக்கைதான். சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பவருக்கு 28 என்று வந்தால், நர்ஸ் சிரித்துக்கொண்டே வெளியே போய் டாக்டரை அவசரமாகக் கூப்பிடுவாள்.

படுக்கைப் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும்; ஏனென்றால் இது உங்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கக்கூடியது. பக்கவாதம் வந்த மாமனார் மல்லாந்து படுத்திருக்கிறார். எலும்பு துருத்தும் இடங்களில் — முதுகின் அடிப்பக்கம், குதிகால், இடுப்பு, பின்தலை — சதை எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் நசுங்குகிறது. இரத்தம் ஓடுவதில்லை. சில மணி நேரத்திலேயே சதை அழுகத் தொடங்கிவிடும். மேலே ஒரு ரூபாய்க் காசு அளவு தோல் நிறம் மாறியிருக்கும். உள்ளே குழியே விழுந்திருக்கும். ஆகையால் இரண்டு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி வழக்கம். ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும்கூடத்தான். அப்படியும் சிலருக்குப் போதாது. சிலருக்கு விசேஷ மெத்தை தேவைப்படும். மாற்றும்போது இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். துணி ஈரமாக இருக்கக் கூடாது. சிவந்த இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் காலம் கடக்கவில்லை. வெளுக்கவே இல்லையென்றால் உள்ளே சேதம் ஆரம்பமாகிவிட்டது. நம்மைப் போல மாநிறமும் கறுப்புமான தோலில் சிவப்புத் தெரியாது. ஆகவே அந்த இடம் சுடுகிறதா, கெட்டியாக இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தில் ஸ்பிரிட்டைத் தடவி அழுத்தித் தேய்ப்பது பழைய பழக்கம். இப்போது தேய்க்கவே கூடாது என்கிறார்கள். நசுங்கிய சதையை அது மேலும் கெடுக்கும். வட்டமான ரப்பர் வளையமும் வேண்டாம்.

கை கழுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1847-ல் வியன்னாவில் ஸெம்மெல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ அறைக்குள் போகுமுன் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவிட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார் இறந்த இடத்தில், ஜூனில் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். சக டாக்டர்களில் பலர் அவரை நம்பவில்லை!

நர்ஸ் டாக்டருக்குக் கீழ்ப்படிய வேண்டியவள்தானே என்று நினைக்கிறோம். சர்வதேச நர்ஸுகள் கவுன்ஸில் 1953-ல் முதன்முதலாக நெறிமுறை வகுத்தபோது, டாக்டரின் உத்தரவை விசுவாசத்துடன் நிறைவேற்றுவது கடமை என்றுதான் எழுதியது. 1973-ல் அதைத் திருத்தியபோது அந்த வாசகம் போய்விட்டது. நர்ஸின் முதல் பொறுப்பு, பராமரிப்புத் தேவைப்படும் நோயாளியிடமே என்று மாற்றினார்கள். சின்ன மாற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். மருந்துச் சீட்டில் அளவு பத்து மடங்காக இருக்கிறது என்று கண்ட இருபத்திரண்டு வயதுப் பெண், பெரிய டாக்டரை நிறுத்தி, "ஸார், இதை ஒரு தரம் பாருங்கள்" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் கொடுத்துவிட்டால் குற்றம் அவள்மேலும் விழும். சொல்வதற்கு எத்தனை தைரியம் வேண்டும்! நோயாளியின் அந்தரங்கத்தை வெளியே பேசாமலிருப்பதும், உடம்பைத் திறந்து பார்க்குமுன் திரையை இழுத்துவிட்டு அனுமதி கேட்பதும் அதே நெறியைச் சேர்ந்தவை.

நம் ஊரில் வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909-ல் நர்ஸுப் பள்ளி ஆரம்பித்தபோது, நல்ல குடும்பத்துப் பெண்களை அதில் சேர்ப்பதே பிரயாசையாக இருந்தது. 1946-ல் வேலூரிலும் டில்லியிலும் நர்ஸிங் பட்டப்படிப்பே வந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் 1926-லேயே நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யச் சட்டம் இருந்தது. 1947-ல் இந்திய நர்ஸிங் கவுன்ஸில் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2023-ல் பார்லிமெண்டு புதுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியிருக்கிறது. படித்தால் மட்டும் போதாது, மாநிலக் கவுன்ஸிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும் என்பது இவற்றின் சாரம். இவ்வளவு படித்தவளைப் பெண் பார்க்க வரும்போது மட்டும், "நைட் டியூட்டி உண்டா?" என்று முகத்தைச் சுளிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுத் தாத்தாவின் பக்கத்தை ராத்திரி இரண்டு மணிக்கு யார் மாற்றுவதாம்?

வீட்டுக்கே நர்ஸ் வைத்துக்கொள்வது இப்போது நகரங்களில் சகஜமாகிவிட்டது. ஏஜென்ஸி அனுப்புகிற எல்லோரும் நர்ஸுகள் அல்ல. வெள்ளை உடுப்பைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பதிவு நம்பரைக் கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ளமாட்டார், சான்றிதழையே எடுத்துக் காட்டுவார். குளிப்பாட்ட, சோறு ஊட்ட, கைபிடித்து நடக்க வைக்கப் பொறுமையுள்ள உதவியாளர் போதும். ஊசி போட, மூக்குக் குழாய் வழியே ஆகாரம் செலுத்த, புண்ணுக்குக் கட்டுக்கட்டப் பதிவு பெற்றவர்தான் வேண்டும். இரண்டுக்கும் சம்பளம் வேறு வேறு; எந்தெந்த வேலை யாருடையது என்று முதல் நாளே பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.