குதிரைக்கு ஒரு கடிவாளம்

அடுக்குமாடி வீட்டில் இரவு 9 மணிக்கு மேல் பிள்ளைகள் வயலின் சாதகம் செய்தால், பக்கத்து வீட்டார் வந்து அழைப்பு மணியை அடித்துவிடுகிறார்கள். ஓசையைக் குறைக்க 'ம்யூட்' என்ற சிறு சாதனம் உண்டு. தந்திகளைத் தாங்கும் குதிரைதான் அவற்றின் அதிர்வை மேல்பலகைக்குக் கொண்டுபோகிறது. குதிரையின் எடையைக் கூட்டினால் அதன் அசைவு குறைந்து ஓசை அடங்கும், சுருதி மாறாது.

வாங்குவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சிறிய மரத் துணி கிளிப் ஒன்றைக் குதிரையின் மேல்விளிம்பில், தந்திகளுக்கு இடையே மாட்டுங்கள். குதிரை சாயக்கூடாது. கிளிப் தந்தியில் பட்டால் 'கிர்' என்று இரையும். போதவில்லையா? இன்னொன்று சேருங்கள். (பிளாஸ்டிக் கிளிப் லேசானது, பயன் குறைவு.) கடையில் விற்கும் உலோக ம்யூட் கனமானது, நன்றாக அடக்கும், ஆனால் நழுவி விழுந்தால் பலகையில் வடு நிச்சயம். சிறுவர்களுக்கு ரப்பர் ம்யூட்டே மேல் என்பேன்.

எப்போதும் மாட்டியே வாசித்தால் வில்லை அழுத்தி இழுக்கும் பழக்கம் வந்துவிடும். பகல் சாதகத்தில் கழற்றிவிடுங்கள்.