கணினி சொல்லும் கணக்கும் முகாமையாளர் எடுக்கும் தீர்மானமும்

வியாபாரத் தேவைக்காகக் கணினியை முதன்முதலில் வேலைக்கு அமர்த்திய நிறுவனம் எது என்று கேட்டால், பலர் ஏதாவது ஒரு பெரிய வங்கியைச் சொல்வார்கள். இன்னும் சிலர் ஐபிஎம் என்பார்கள். உண்மையில் அது தேநீரும் கேக்கும் விற்ற ஒரு நிறுவனம். பிரித்தானியாவெங்கும் தேநீர்க் கடைகளை நடத்தி வந்த ஜே. லயன்ஸ் நிறுவனம், 1951 நவம்பர் இறுதியில், தனது பேக்கரிகளில் தயாராகும் பொருட்களின் பெறுமதியைக் கணக்கிடும் வாராந்த வேலையை 'லியோ' என்ற கணினியிடம் ஒப்படைத்தது. 'லயன்ஸ் இலத்திரனியல் அலுவலகம்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் லியோ.

தேநீர் விற்பவருக்கு எதற்குக் கணினி? ஒரு கோப்பைத் தேநீரிலும் ஒரு பணிஸிலும் கிடைக்கும் இலாபம் மிகச் சொற்பம். ஆனால் அவை நாளொன்றுக்கு இலட்சக்கணக்கில் விற்றன. இன்று மிஞ்சும் பணிஸ் நாளை விலைபோகாது. ஒவ்வொரு சிறு விற்பனைக்கும் சீட்டு எழுதி, கூட்டி, சரிபார்க்க எழுதுவினைஞர்களின் பெரும் படையே வேண்டியிருந்தது. அந்தச் சொற்ப இலாபத்தை அலுவலகச் செலவே விழுங்கிவிடும் நிலை. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ஜோன் சிமன்ஸ் என்ற அதிகாரி 1920களிலிருந்தே லயன்ஸில் இதைப் பற்றி யோசித்து வந்தவர்.

1947இல் லயன்ஸ் தன் அதிகாரிகள் இருவரை அமெரிக்க அலுவலக முறைகளைப் பார்த்துவர அனுப்பியது. அங்கே பிரின்ஸ்டனில் அவர்களுக்குக் கிடைத்த முக்கியமான செய்தி, தங்கள் சொந்த நாட்டிலேயே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், ஒரு கணினி உருவாகி வருகிறது என்பதுதான். லயன்ஸ் அந்த முயற்சிக்கு 3,000 பவுணும் ஒரு தொழில்நுட்பவியலாளரையும் கொடுத்து உதவியது. கேம்பிரிட்ஜ் இயந்திரம் 1949 மே மாதம் இயங்கியதும், அதைப் பார்த்துத் தனக்கென ஒன்றைச் செய்யத் தொடங்கியது. விலைக்கு வாங்கக் கடையில் கணினி இல்லாத காலம் அது. கேக் நிறுவனமே ஏறத்தாழ 6,000 வால்வுகள் கொண்ட கணினி ஒன்றைக் கட்டி முடித்தது.

கடையிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு

சம்பளக் கணக்கு போன்ற வேலைகளையும் லியோ செய்தது. ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட எழுதுவினைஞருக்கு 8 நிமிடம் பிடித்த இடத்தில் இயந்திரத்துக்கு ஒன்றரை வினாடி போதுமாக இருந்தது என்பார்கள். அது வேகம் பற்றிய விடயம். முகாமைத்துவம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது 1954இல் தொடங்கிய தேநீர்க் கடைக் கொள்வனவு முறையை.

அதற்கு முன் ஒவ்வொரு கடையும் மறுநாளைக்குத் தேவையான எல்லாவற்றையும் படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். புதிய முறையில், ஒவ்வொரு கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வழக்கமான கொள்வனவுப் பட்டியல் முன்கூட்டியே வகுத்து வைக்கப்பட்டது. திங்கட்கிழமைக்கு ஒன்று, வெள்ளிக்கிழமைக்கு வேறொன்று. கடைப் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் பெண்கள். நாளை வழக்கம்போலத்தான் இருக்கும் என்று நினைத்தால் அவர்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. மாற்றம் வேண்டுமென்றால் தலைமையகத்திலிருந்து தொலைபேசி வரும்போது அந்த மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். பேசிக் கேட்டபடியே ஓர் ஊழியர் அதை அட்டையில் துளையிட்டுப் பதிவார். கணினி அனைத்தையும் கூட்டி, சமையற்கூடம் எவ்வளவு தயாரிக்க வேண்டும், எந்தக் கடைக்கு எதை ஏற்ற வேண்டும் என்ற பட்டியல்களை அச்சிட்டுக் கொடுக்கும்.

இந்த ஏற்பாட்டில் தீர்மானம் எப்படிப் பங்கிடப்பட்டது என்று பாருங்கள். வழக்கமான பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. வழக்கத்துக்கு மாறானதைக் கடையில் நிற்பவர் சொன்னார். தெருவில் நாளை ஓர் ஊர்வலம் போகிறது, பக்கத்துத் தொழிற்சாலை மூடியிருக்கிறது, மழை வரும்போல் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மேலதிகாரிகளுக்கும் எல்லா எண்களையும் அள்ளிக் கொட்டாமல், எதிர்பார்ப்பிலிருந்து விலகிப் போனவற்றை மட்டும் எடுத்துக்காட்டுவதே சிமன்ஸ் விரும்பிய முறை. எந்தக் கடையில் ஏன் குறைந்தது என்று விசாரிக்க அவர்களுக்கு நேரம் மிஞ்ச வேண்டும் அல்லவா?

இன்றைய வணிக மென்பொருட்களின் அடித்தளமும் ஏறக்குறைய இதுவே. கீழ்த்தட்டில், விற்பனை, கொள்வனவு, சம்பளம் போன்ற அன்றாட நடவடிக்கைகளைப் பதியும் முறைமைகள். அதற்கு மேலே, அந்தப் பதிவுகளைச் சுருக்கி மாதாந்த அறிக்கையாகத் தரும் முகாமைத்துவத் தகவல் முறைமைகள். அதற்கும் மேலே, "விலையை 5 சதவீதம் கூட்டினால் என்ன ஆகும்?", "இரண்டாவது கிளை திறந்தால் எத்தனை மாதத்தில் முதல் திரும்பும்?" என்று கேட்டுப் பார்க்க உதவும் தீர்மான ஆதரவு முறைமைகள். எக்செல் தாளில் ஓர் எண்ணை மாற்றி விளைவைப் பார்க்கிறவர்கூட இந்த மூன்றாவது வேலையைத்தான் செய்கிறார். பிற்காலத்தில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், 1960இலேயே, விதிமுறையாக எழுதிவிடக்கூடிய தீர்மானங்களையும் அப்படி எழுத முடியாதவற்றையும் பிரித்துக் காட்டினார். முதல் வகையை இயந்திரத்திடம் விடலாம். இரண்டாம் வகையில் இயந்திரம் தகவல் தரலாம், அவ்வளவுதான். நடைமுறையில் சிக்கல் வருவது, இரண்டாம் வகைக்குரிய ஒன்றை முதல் வகை என்று எண்ணிவிடும்போது.

எண் சரி, அர்த்தம் பிழை

நம் கடைகளிலிருந்தே இரண்டு உதாரணங்கள். ஒரு பலசரக்குக் கடையின் கணினி, குறிப்பிட்ட பால்மா கடந்த இரு வாரமாக ஒன்றுகூட விற்கவில்லை என்று காட்டுகிறது. "ஓடாத சரக்கு" என்று முதலாளி அதை நிறுத்திவிடுகிறார். ஆனால் அந்த இரு வாரமும் தட்டில் அந்தப் பால்மாவே இருக்கவில்லை. கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போனது எந்தப் பற்றுச்சீட்டிலும் பதிவாகாது. கணினிக்குத் தெரிவது விற்பனை மட்டுமே, வாடிக்கையாளரின் தேவை அல்ல. அந்த இரு வாரத்தில் கையிருப்பு என்ன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பூச்சியத்துக்கு அர்த்தம் புரியும்.

மற்றது ரமழான். பெரும்பாலான மென்பொருட்கள் இந்த மாத விற்பனையைக் கடந்த ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட்டுக் கூடியது, குறைந்தது என்று காட்டும். சந்திர நாட்காட்டியின்படி வரும் ரமழானோ ஆங்கில ஆண்டில் ஒவ்வொரு முறையும் 10 அல்லது 11 நாட்கள் முன்னதாக வரும். பேரீச்சம்பழமும் கஞ்சிக்கான அரிசியும் பெருநாள் உடுப்பும் விற்கும் கடையில், ஏப்ரல் விற்பனை சரிந்துவிட்டது என்று அறிக்கை சிவப்பில் காட்டலாம். சரிவு எதுவும் நிகழ்ந்திருக்காது, பெருநாள் மார்ச்சுக்கு நகர்ந்திருக்கும். கணக்கில் ஒரு சதம்கூடப் பிழை இல்லை. ஆனாலும் அதை நம்பிக் கொள்வனவைக் குறைத்தால் நட்டம்தான். கொழும்பில் இருக்கும் முஸ்லிம் வியாபாரி இதைக் கண்டவுடன் பிடித்துவிடுவார். எங்கோ இருந்து அறிக்கையை மட்டும் பார்க்கும் பிராந்திய முகாமையாளர் பிடிப்பாரா என்பது சந்தேகமே.

இங்கே கணினி சரியாகவே கூட்டியது, மனிதர் பிழையாக வாசித்தார். கணினியே பிழையாகக் கூட்டி, அதை யாரும் கேள்வி கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் பிரித்தானியாவிலிருந்தே ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது.

ஹொரைசன்

பிரித்தானியத் தபால் துறையில் உப தபால் அலுவலகங்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள். நம் நாட்டு உப தபாலதிபர்களை நினைத்துக்கொள்ளலாம். தெற்காசியப் பூர்வீகம் கொண்ட குடும்பங்களும் அவர்களில் பல. 1999 முதல் இந்த அலுவலகங்களின் கணக்குகள் 'ஹொரைசன்' என்ற கணினி முறைமைக்கு மாற்றப்பட்டன. அதன்பின் சில அலுவலகங்களில் மாலையில் கணக்கு முடிக்கும்போது பணம் குறைவதாகத் திரை காட்டத் தொடங்கியது. சில இடங்களில் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் பல்லாயிரம் பவுண்.

தலைமையகத்துக்கு இந்தக் குறைபாடு ஓர் அறிக்கையாகப் போனது. வழமைக்கு மாறான கிளைகளைத் தனியே எடுத்துக்காட்டும் அதே வகை அறிக்கைதான். லயன்ஸில் அத்தகைய அறிக்கை விசாரணைக்கான தொடக்கம். இங்கே அதுவே தீர்ப்பாகிவிட்டது. உதவி எண்ணுக்கு அழைத்த பலருக்கு, இப்படிப் பிரச்சினை வருவது உங்களுக்கு மட்டும்தான் என்று சொல்லப்பட்டது. குறைந்த பணத்தைத் தம் கையிலிருந்து கட்டச் சொன்னார்கள். வீட்டை இழந்தவர்கள் உண்டு. சிறை சென்றவர்கள் உண்டு. கர்ப்பிணியாக இருந்த ஒரு தாய், மூத்த மகனின் பத்தாவது பிறந்த நாளில் சிறைக்கு அனுப்பப்பட்டார். திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காக மொத்தம் 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர்.

சட்டமும் அவர்களுக்கு எதிராகவே இருந்தது. கணினிப் பதிவைச் சாட்சியமாகக் கொண்டுவருபவர் அந்தக் கணினி சரியாக இயங்கியதைக் காட்ட வேண்டும் என்று இங்கிலாந்தில் முன்பு ஒரு சட்டப்பிரிவு இருந்தது. ஹொரைசன் அறிமுகமான அதே 1999இல் அதை நீக்கும் சட்டம் நிறைவேறியது. மாறாக நிரூபிக்கப்படும் வரை கணினி சரியாக இயங்கியதாகவே நீதிமன்றம் கொள்ளும் நிலை வந்தது. ஒரு சிறு கடைக்காரர் தன்னால் திறந்தே பார்க்க முடியாத மென்பொருளின் கோளாறை எப்படி நிரூபிப்பார்?

555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில், ஹொரைசனில் கணக்கைப் பிழையாக்கக்கூடிய கோளாறுகள் இருந்தன என்று இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைக்காரர்களுக்குத் தெரியாமலேயே மென்பொருள் நிறுவனத்தின் ஊழியர்கள் தொலைவிலிருந்து கிளைக் கணக்குகளுக்குள் நுழைந்து மாற்ற முடிந்தது என்பதும் அந்த வழக்கில்தான் உறுதியானது. அப்படி முடியவே முடியாது என்று அதுவரை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருந்தது. 2024 மே மாதம் தண்டனைகளைக் கூட்டாக இரத்துச் செய்யப் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. இந்த விவகாரத்தின் காரணமாகக் குறைந்தது 13 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில் வெளியான பொது விசாரணை அறிக்கை கூறியது.

இன்னொரு விடயம் உண்டு. லியோவை உருவாக்கிய பிரிவு 1963இல் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து, 1968இல் ஐசிஎல் என்ற பெரிய பிரித்தானியக் கணினி நிறுவனத்துக்குள் போய்ச் சேர்ந்தது. ஹொரைசனை உருவாக்கியதும் ஐசிஎல்தான். பின்னர் அது ஜப்பானின் புஜிட்சு ஆனது. கடைப் பொறுப்பாளரின் குரலை அட்டையில் துளையிட்டுப் பதிந்த அதே பரம்பரையில் வந்தது ஹொரைசன்.

வியாபாரத்துக்கு மென்பொருள் வாங்கப் போகிறவர்கள் பொதுவாக விலையையும், திரை அழகாக இருக்கிறதா என்பதையும், கைபேசியில் பார்க்கலாமா என்பதையும்தான் கேட்கிறார்கள். வேறு சிலவற்றையும் கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே பதிந்த ஒரு பற்றுச்சீட்டை யார் யார் மாற்றலாம்? மாற்றினால் பழைய எண்ணும் மாற்றியவர் பெயரும் நேரமும் அழியாமல் இருக்குமா? அறிக்கையில் ஒரு எண்ணை அழுத்தினால் அதன் பின்னாலுள்ள தனித்தனிப் பதிவுகள் வரை போக முடியுமா? காசாளர் "இது பிழை" என்று சொன்னால் அதைப் பதிய ஓர் இடம் இருக்கிறதா? மென்பொருள் கொடுத்தவர் உங்கள் தரவுக்குள் வெளியிலிருந்து நுழைய முடியுமா, நுழைந்தால் உங்களுக்குத் தெரியுமா? நல்ல விற்பனையாளர் இவற்றுக்குச் சில நிமிடங்களில் பதில் சொல்லிவிடுவார். கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கப் பிரித்தானிய உப தபாலதிபர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.