ஊடை எண்ணியின் காந்தமும் அதனைப் பெயர்த்தெடுக்கும் முறையும்

விசைத்தறியில் உழைப்போரின் கூலி, ஓடிய ஊடையின் கணக்கைப் பொறுத்தது. முற்காலத்தில் நெய்த துணியை அளந்து கணக்கிட்டனர். இன்று பல தறிகளில் மின்னணு எண்ணி பொருத்தப்பட்டுள்ளது. கிராங்க் ஷாப்டின் சக்கரத்தில் சிறு குழியிட்டு, அதில் பொட்டளவு காந்தம் ஒன்றைப் பசையால் பதித்திருப்பர். ஷாப்ட் ஒரு முறை சுற்றினால் ஓர் ஊடை விழும். காந்தம் எதிரிலுள்ள உணர்வியைக் கடக்குந்தோறும் எண்ணி ஒன்று கூட்டிக்கொள்ளும்.

அக்காந்தம் விரிசல் கண்டால் நேரும் இழப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்திற்கு 120 ஊடை ஓடும் தறியில், அங்குலத்திற்கு 60 ஊடை வீதம் நெய்வதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 120 அங்குலம், அதாவது ஏறக்குறைய 3 மீட்டர் துணி நெய்யப்படும். எண்ணி ஒரு மணி நேரம் உறங்கினால் அத்துணையும் கணக்கில் ஏறாது. பழுதுற்றதை அப்படியே விட்டுப் பக்கத்தில் புதியதொன்றை ஒட்டிவிடலாமே எனச் சிலர் கருதலாம். பழையதில் சிறிது வலிமை எஞ்சியிருப்பினும், ஒரு சுற்றுக்கு இரண்டாக எண்ணிவிடும். அப்போது இழப்பு சங்கத்தினுடையது. ஆகவே பழையதை முற்றிலும் அகற்றுவதே நேரிய வழி.

இச்சிறு காந்தங்கள் பெரும்பாலும் நியோடிமியம், இரும்பு, போரான் ஆகியவற்றின் கலவை. 1980களின் முற்பகுதியில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவாக்கப்பட்டவை. வலிமை மிக்கவை, எனினும் பீங்கானைப் போல் எளிதில் நொறுங்குபவை. சாதாரண வகை 80 பாகை செல்சியசைத் தாண்டினால் தன் வலிமையை இழக்கத் தொடங்கும். ஆதலின், காப்பாற்ற வேண்டுவது காந்தத்தையா, சக்கரத்தையா என்பதை முதலில் தீர்மானித்தல் வேண்டும். காந்தத்தின் விலை சொற்பம். சக்கரத்தின் குழி சிதைந்தால் செலவு பெரிது. சக்கரத்தையே காத்தல் தகும்.

வேலையைத் தொடங்குமுன் மின்சாரத்தைத் துண்டித்து, எண்ணியில் காணும் தொகையை நெசவாளர் முன்னிலையில் பதிவேட்டில் எழுதிக்கொள்க. அடுத்து, துருவத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு துருவத்தை மட்டுமே உணரும் உணர்விகள் பல உண்டு. புதுக் காந்தத்தைப் பழையதன் வெளிமுகத்திற்குச் சற்று எட்டத்தில் பிடித்துப் பார்க்கவும். ஈர்க்கப்படும் முகமே பின்னர்க் குழிக்குள் செல்ல வேண்டியது. மறுமுகத்தில் மையால் புள்ளியிடுக.

சக்கரத்தைக் கழற்றித் தறிக்கூடத்திற்கு வெளியே கொண்டு செல்லுதல் இன்றியமையாதது. பஞ்சுத் தூசு படிந்த இடத்தில் தீயும் திரவமும் ஆகா.

குழி மறுபுறம் வரை திறந்திருந்தால் வேலை எளிது. பின்புறமிருந்து பித்தளைக் கம்பியையோ மரக்குச்சியையோ வைத்து மெல்லத் தட்டினால் காந்தம் வெளிவரும். அடி மூடிய குழியாயின் முதலில் பசையைத் தளர்த்த வேண்டும். பெவிகுவிக் போன்று நொடியில் ஒட்டும் பசையாயின், அசிட்டோனைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சில மணி நேரம் ஊற விடுக. அது எளிதில் தீப்பற்றும். ஆகையால் காற்றோட்டமான இடத்தில், விளக்கும் பீடியும் அணுகாது செய்க. அரால்டைட் போன்று இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து ஒட்டியிருந்தால் அசிட்டோன் எளிதில் பயன் தராது. சக்கரத்தைக் கொதிநீரில் கால் மணி நேரம் வைத்தால் அத்தகைய பசைகள் பெரும்பாலும் இளகும். தடித்த கையுறையுடன் எடுத்து, சூடு ஆறுமுன் வேலையை முடித்தல் வேண்டும்.

பசை தளர்ந்த பின்னும், சக்கரம் இரும்பாயின் காந்தம் தானே அதனைப் பற்றிக்கொண்டிருக்கும். காந்தத்தின் முகத்தில் இரும்பு போல்ட்டின் தலையை வைத்துப் பக்கவாட்டில் அசைத்து இழுத்தால் பெரும்பாலும் உடன் வரும். வராவிடின், மீண்டும் கொதிநீரில் இடுக. அதுவும் பலிக்காவிடில், கண்ணாடி அணிந்து, துணியால் மூடி, காந்தத்தை உடைத்துத் துண்டுகளாக எடுக்கலாம். துரப்பணமோ அரவைக் கல்லோ கொண்டு குடைதல் கூடாது. அக்காந்தத் தூள் பொறிபட்டால் எரியும். எஞ்சிய துகள்களைப் பிசைந்த கோதுமை மாவை ஒற்றி எடுத்துவிடலாம்.

குழியை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து உலர்த்திய பின், புதுக் காந்தத்தை மைப்புள்ளி வெளியே தெரியுமாறு, விளிம்பிற்கு மயிரிழை உள்ளடங்க, இருகுழாய்ப் பசையால் பதிக்கவும். ஒரு நாள் முழுதும் அசையாது வைத்திருத்தல் நலம். பின்னர் தறியைக் கையால் நூறு சுற்றுச் சுற்றுக. எண்ணி நூறு காட்ட வேண்டும். அத்தொகையையும் பதிவேட்டில் ஏற்றி இரு தரப்பினரும் கையொப்பமிடுக.

கழற்றிய காந்தத்தைக் கண்ட இடத்தில் போடலாகாது. குழந்தைகள் இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளை நெரித்துத் துளையிட்டு உயிருக்கே ஊறு செய்யும். இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியுள்ளோர் இவ்வேலையில் ஈடுபடாதிருத்தல் நன்று.

பொட்டளவு காந்தமேயாயினும் நெசவாளரின் கூலியும் சங்கத்தின் நாணயமும் அதன்மேல் நிற்கின்றன. பழுது கண்ட அன்றே சங்கத்திற்குத் தெரிவித்து முறைப்படி மாற்றிக்கொள்ளுமாறு உறுப்பினர்களை வேண்டுகிறோம்.