ஒரே வீட்டில் கூத்தும் எழுத்தும் ஓவியமும்! மட்டக்களப்புத் தம்பதிகளைத் தெரியுமா?

கணவனும் மனைவியும் சேர்ந்து வீடு கட்டுவார்கள், கடை நடத்துவார்கள். சேர்ந்து இலக்கிய வரலாறே எழுதிய தம்பதியைத் தெரியுமா? 1979இல் வந்த ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ நூலை எழுதியவர்கள் மூன்று பேர்: மௌனகுரு, சித்திரலேகா, எம்.ஏ.நுஃமான். இதில் முதல் இருவரும் தம்பதி!

மௌனகுரு பிறந்தது 1943இல், மட்டக்களப்பு வாவியோரத்து அமிர்தகழியில். அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, அங்கே பேராசிரியர் சு.வித்தியானந்தன் கூத்தை மேடையேற்றிக்கொண்டிருந்தார். 1965இல் ‘இராவணேசன்’ கூத்து! எழுதியவர் யார்? மௌனகுரு. இராவணனாக ஆடியவர்? அவரும் மௌனகுருவே! வயது? வெறும் 22!

கூத்து ஆடுவது இலேசான வேலையா? மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. வடமோடி அரசர்கள் கட்டும் உடைக்குக் கரப்புடுப்பு என்று பெயர். இடுப்பைச் சுற்றிக் கோழிக் கரப்புப் போல வட்டமாக விரிந்து நிற்கும்! அதைக் கட்டிக்கொண்டு, காலில் சதங்கையோடு, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஈடுகொடுத்துத் துள்ளி ஆட வேண்டும். பாட்டும் ஆடுபவரே பாட வேண்டும்! எவ்வளவு நேரம்? விடிய விடிய! அரங்கமோ வட்டக்களரி, நாலாபக்கமும் சனம். ஆடுபவர் ஒரே பக்கத்துக்கு முதுகு காட்டி நிற்காமல் சுற்றிச் சுற்றி ஆட வேண்டும்! இந்த இராக்கூத்தைத்தான் வித்தியானந்தன் மண்டப மேடைக்கு ஏற்றபடி சுருக்கினார்.

ஊர்க் கூத்தில் பெண் வேடத்தை யார் கட்டினார்கள்? அதையும் ஆண்களே!

அப்படியானால் பெண்களின் குரல்? இங்கேதான் சித்திரலேகா வருகிறார்! 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளியான ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பின் பின்னால் இருந்தவர் அவர். பத்துப் பெண் கவிஞர்கள் ஒரே நூலில்! ஈழத்துப் பெண் கவிதை என்று யார் பேச்செடுத்தாலும் முதலில் நீட்டுவது இந்தச் சின்னப் புத்தகத்தைத்தான். பின்னர் கணவனும் மனைவியும் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களாக இருந்தார்கள். மௌனகுரு நுண்கலையில், சித்திரலேகா தமிழில்!

ஓய்வுபெற்ற மௌனகுரு ஓய்ந்தாரா? இல்லை! மட்டக்களப்பில் அரங்க ஆய்வுகூடம் தொடங்கி இளையவர்களை ஆடவைத்தார்.

இப்படிச் சேர்ந்து படைக்கும் தம்பதி உலகில் வேறு எங்கும் உண்டா? கிறிஸ்தோவும் ஜான்-குளோதும் பிறந்தது ஒரே ஆண்டில், ஒரே மாதத்தில், ஒரே நாளில். 1935 ஜூன் 13! 1995இல் பெர்லின் பாராளுமன்றக் கட்டடம் முழுவதையும் துணியால் போர்த்திக் கட்டிய தம்பதி இவர்கள்! ஆனால் 1994 வரை அவர்களின் வெளிப்புறப் படைப்புகள் கணவனின் பெயரில் மட்டுமே இருந்தன! இதை வாசித்துவிட்டு அந்த 1979 நூலை எடுத்துப் பாருங்கள். மனைவியின் பெயர் தனியாக, கணவன் பெயருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது! எனக்கு இதுதான் பெரிய அதிசயம்.

மட்டக்களப்பில் இன்னொரு சோடியும் உண்டு! ஓவியர் வாசுகியும் அரங்கச் செயற்பாட்டாளர் சி.ஜெயசங்கரும். வாசுகி யாரிடம் ஓவியம் பழகினார், தெரியுமா? யாழ்ப்பாணத்தின் புகழ்பெற்ற ஓவிய ஆசிரியர் மாற்குவிடம்! வாசுகியின் தூரிகை தொட்டதெல்லாம் பெண்களின் வாழ்வு, போர், வன்முறை. ‘சூரியா’ பெண்கள் அபிவிருத்தி நிலையத்தில் சித்திரலேகாவும் வாசுகியும் இருவருமே உழைத்திருக்கிறார்கள்!

ஜெயசங்கர் என்ன செய்தார்? பல்கலைக்கழக மேடை ஏறிய கூத்தை மறுபடி ஊருக்குள் தேடிப் போனார்! வாவியோரச் சீலாமுனைக் கிராமத்தில், 2000களின் தொடக்கத்தில், கூத்து மீளுருவாக்கம்! அண்ணாவியாரும் ஆடுபவர்களும் ஊராரும் கூடியிருந்து பழைய பனுவலைப் பாட்டுப் பாட்டாக அலசினார்கள். இந்த வரி பெண்ணைத் தாழ்த்துகிறதா? இந்த வழக்கம் சாதியைக் காக்கிறதா? மாற்றலாமா? மாற்றினார்கள்! பிறகு அதே வட்டக்களரியில் ஆடினார்கள்! ஆராய்ச்சி என்றால் பேராசிரியர் கேட்க ஊர் பதில் சொல்வதுதானே வழக்கம்? இங்கே கேள்வி கேட்டதும் ஊர், பதிலை ஆடிக்காட்டியதும் ஊர்!

கடைசியாக ஒன்று! மௌனகுரு, சித்திரலேகா தம்பதியின் மகன் சித்தார்த்தன் மௌனகுரு ஒரு மானிடவியலாளர். 2019இல் வந்த அவருடைய ஆங்கில நூல் எதைப் பற்றியது, சொல்லுங்கள் பார்க்கலாம்? போர்க்காலத்தில் நாடு கடந்து நடந்த இலங்கைத் தமிழர் கல்யாணங்களைப் பற்றியது!