கைத்தொலைபேசியும் மருத்துவமாதும்

தொலைவிலுள்ள வைத்தியரோடு கைத்தொலைபேசி வாயிலாக உரையாடி ஆலோசனை பெறுவதே தொலைமருத்துவம். 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றினால் ஊரடங்கு நிலவியபோது இலங்கையிற் பலர் இதனை நாடினர். மலைநாட்டிலே இது தூரத்தைக் குறைக்கும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என ஊரோடு ஊர் தொடரும் அம்பாறைக் கரையோரத்திலோ தூரம் பெருந்தடையன்று. கல்முனையிலேயே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கின்றது. இங்கு தடையாக நிற்பது பெரும்பாலும் நாணமே.

பெண்களுக்குரிய பிணியை ஆண் வைத்தியரிடம் கூறத் தயங்கி, நாளைக் கடத்தும் பெண்கள் உண்டு. பிள்ளை பெற்று நாற்பது நாள் வீட்டோடிருக்கும் தாய்க்குப் பால் கட்டிக்கொள்ளலாம், மனம் சோர்ந்துபோகலாம். அத்தகையோர் பெண் வைத்தியர் ஒருவரோடு தொலைபேசியிற் பேசித் தெளிவது நன்மையே.

ஆயினும் இதனை ஐயுறுவோரும் உளர். அவ்வையத்தை அறியாமையென்று தள்ளிவிடலாகாது. இக்கரையில் மணத்தின்போது வீடு பெண்ணுக்கே அளிக்கப்படும். மணமகன் அங்கு வந்து வாழ்வான். வீடு அவளுடையதாயினும், தொலைபேசி வீட்டார் பலர் கையிலும் புழங்குவதாக இருக்கலாம். அனுப்பிய படத்தை யார் காண்பாரோ என்னும் அச்சம் நியாயமானதே. 2022ஆம் ஆண்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் வீட்டினுள்ளே கைமாறும் தொலைபேசியைச் சட்டம் காக்க இயலுமோ?

மேலும், தொலைபேசியிற் பேசுவதால் மட்டும் குருதி அமுக்கத்தை அளக்க முடியாது. வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. கர்ப்பிணிக்குக் கடுந்தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும், தொலைபேசியிற் பேசிக் காலங்கழித்தல் ஆகாது. 1990 என்னும் இலக்கத்தில் சுவசெரிய நோயாளர் வண்டியை அழைத்து உடனே வைத்தியசாலையை அடைதல் வேண்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயோ தொடக்கத்தில் அறிகுறி காட்டாமலே வளரும். நோவு இல்லையென்று இருந்துவிடாது, 1996 முதல் நாட்டில் நடைபெற்றுவரும் சுகவனிதையர் நிலையத்துக்குச் சென்று பரிசோதித்துக்கொள்வதே தக்கது.

நாணத்துக்கும் வைத்தியசாலைக்கும் இடையே பாலமாக நிற்பவர் குடும்பநல மருத்துவமாது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவியதன் பயனாக இன்று அவர் வீடு தேடி வருகின்றார். எந்த ஐயத்தைத் தொலைபேசியிற் கேட்கலாம், எதற்கு நேரிற் செல்ல வேண்டும் என்பதை அவரிடமே கேட்டறியலாம். அவர் எழுதித்தரும் கர்ப்பப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், தொலைவிலுள்ள வைத்தியரும் நிலைமையைச் சரிவர உணர்வார். அவ்வாறு மருத்துவமாதுக்குத் துணையாக அமையும் தொலைபேசியே இவ்வூர்ப் பெண்களுக்குப் பயன் தரும்.