ஆலோசனை அறையில் பேசியது நினைவில் நிற்க

மனநல ஆலோசனைக்குச் சென்று வருவோர் பலர் தயங்கித் தயங்கிச் சொல்லும் குறை ஒன்று உண்டு: “அங்கே எல்லாம் தெளிவாக இருந்தது, வீடு வந்ததும் எதுவும் நினைவில்லை.” இது அக்கறையின்மை அன்று. பதற்றமும் துயரமும் மிகுந்த மனம், புதிதாகக் கேட்பதைப் பதித்துக்கொள்ளத் திணறும். கற்றவை தொடக்க மணிநேரங்களிலேயே விரைந்து மறந்துபோவதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தம்மீதே சோதித்து, 1885-இல் எழுதினார்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தொலைவில்லை. ஆயினும் ஆலோசனைக்காக அங்கே செல்லும் ஆலைத் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழக்க நேரும். பேசியதும் மறந்தால் இழப்பு இரட்டிப்பாகும்.

நான் பின்பற்றும் வழி எளியது. திரும்பும் பேருந்திலேயே மூன்றை எழுதிவிடுகிறேன்: எது புரிந்தது, எதைச் செய்து பார்க்க வேண்டும், அடுத்த முறை எதைக் கேட்க வேண்டும். மறுநாள் தாளைப் பாராமல் நினைவுகூர்ந்து, பின்னர் சரிபார்க்கிறேன். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, முயன்று நினைவுகூர்வதே நெடுநாள் நிலைக்கும் என்பதை ரோடிகர், கார்ப்பிக் ஆகியோரின் 2006 ஆய்வு காட்டியது.

பலர் வாழும் வீட்டில் குறிப்பேடு பிறர் கண்ணில் படும் என்ற அச்சம் நியாயமானதே. தமக்கு மட்டும் விளங்கும் ஓரிரு சொற்கள் போதும். சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 காக்கிறது. தம் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையையும் சில விலக்குகளுடன் அளிக்கிறது.

பொறுப்பு ஆலோசகருக்கும் உண்டு. இறுதி ஐந்து நிமிடங்களை ஒதுக்கி, “இன்று பேசியதில் எது மனத்தில் நிற்கிறது?” என்று அவர் கேட்கட்டும். நினைவில் நிற்பதையே வாழ்க்கையில் செய்து பார்க்க முடியும்.