ஒரே கம்பியில் எல்லோரும் பேசலாம்

பாய்மரப் படகில் போகிறவர் நாள் முழுக்கச் சுக்கானைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க முடியுமா? சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், பாயை இழுத்துக் கட்ட வேண்டும். அதற்குத்தான் ஆட்டோபைலட். ஒரு சின்னக் கணினி, சுக்கானைத் தள்ள ஒரு மோட்டார், அவ்வளவுதான். ஆனால் படகு எந்தப் பக்கம் போகிறது, காற்று எங்கிருந்து வீசுகிறது என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டுமே!

சொல்லக்கூடிய கருவிகள் படகில் ஏற்கெனவே இருக்கும். மின்னணுத் திசைகாட்டி, பாய்மர உச்சியில் காற்றுமானி, ஜி.பி.எஸ்., ஆழமானி. இவற்றை ஒரே கேபிளில் கோத்துவைக்கும் ஏற்பாட்டுக்கு என்.எம்.இ.ஏ. 2000 என்று பெயர். ஆட்டோபைலட்டையும் அதில் சேர்க்க, முதன்மைக் கேபிளில் 'டி' வடிவ இணைப்பு ஒன்றைப் பொருத்தி, அதிலிருந்து கிளைக் கேபிளை இழுத்தால் போதும். கிளை 6 மீட்டரைத் தாண்டக் கூடாது.

வேடிக்கை இனிமேல்தான். இரண்டு கருவிகள் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினால்? வகுப்பில் இரண்டு பேர் சேர்ந்து கத்தினால் டீச்சருக்கு ஒன்றும் புரியாது. இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு செய்தியும் ஓர் எண்ணோடு தொடங்கும். அந்த எண் 0, 1 என்று ஒவ்வொன்றாகக் கம்பியில் போகும். ஒரு கருவி 0 என்றும் இன்னொன்று 1 என்றும் சொன்னால், கம்பியில் 0தான் நிற்கும். 1 சொன்ன கருவியும் கம்பியைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது அல்லவா? "நான் 1 சொன்னேன், 0 கேட்கிறதே!" என்று அந்த நொடியே பேச்சை நிறுத்திவிடும். மற்றது தடையில்லாமல் சொல்லி முடிக்கும். விட்டுக்கொடுத்த கருவி பிறகு மறுபடி பேசும்.

அதனால் அவசரச் செய்திகளுக்குச் சின்ன எண். நொடிக்கு 10 முறை வரும் திசைச் செய்தியின் முன்னுரிமை 2. கடல்நீரின் வெப்பநிலைக்கு 5. யாருக்கு முதலில் வழி கிடைக்கும் என்று தெரிகிறதா? பாஷ் நிறுவனம் 1980களில் கார்களுக்காகக் கண்டுபிடித்த முறை இது!

முதன்மைக் கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும். இல்லாவிட்டால் செய்தி முனையில் மோதித் திரும்பி, பின்னால் வரும் செய்தியைக் குழப்பும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, செய்தி போகும் இரண்டு கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். இரண்டு 120 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் இருப்பதால் பாதியாகிறது. 120 காட்டினால் ஒரு முனையில் மின்தடை இல்லை.

சரி, 40 காட்டினால்?